மாராத்தாளுக்குக் காய்ச்சல்

அன்று காலையில் நான் போவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே பவானி ஜமக்காளம் விரித்திருந்தது. அதன்மேல் இருபது இருபத்தைந்து பெண் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப் பாவாடை, ஜடைபில்லை, கழுத்தில் காசுமாலை, தலை கொள்ளாத மல்லிகை. புதுச் சுண்ணாம்பு வாடையும் சந்தன வாசனையும் கலந்து அறை முழுக்க அடித்தது.

அதில் ஒரு பிள்ளையைக்கூட எனக்குத் தெரியாது.

அது என்னுடைய வகுப்பு. இரண்டு வருஷமாக நான் பாடம் நடத்திய அறை. யாருக்குச் சொத்தைப் பல், யாருக்குத் தலையில் பேன், யார் காலையில் வெறும் வயிற்றோடு வந்து மத்தியானம் சுருண்டு விழுவாள் என்று எல்லாம் எனக்கு அத்துபடி. அந்தப் பிள்ளைகள் ஒருத்தியும் இல்லை. கரும்பலகையைத் துடைத்து அதில் மாக்கோலம் போட்டிருந்தார்கள்.

வாசலில் பள்ளிக்கூடத்தின் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"ஏனுங்க டீச்சரம்மா, வந்துட்டீங்களா. காப்பி சாப்புட்டீங்களா? ஊட்டுல இருந்து கொண்டாரச் சொல்லட்டுமுங்களா?" என்றார்.

மரியாதை பற்றி எழுதச் சொன்ன அம்மாளுக்கு

இந்தத் தொடரைப் படிக்கும் வெளியூர் வாசகி ஒருவர் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். "நீங்கள் எதற்கெடுத்தாலும் சீறுகிறீர்கள். உங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து மரியாதை ஊரறிந்த விஷயம். ஒரு வாரமாவது அதைப் பற்றி இனிமையாக எழுதக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

எழுதுகிறேன் அம்மா. இந்த வாரம் முழுக்க மரியாதையைப் பற்றித்தான். இனிமைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

இது நடந்தது முப்பதுகளில். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், ஞாபகம் இல்லை. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம், காட்டில் பருத்தி வெடித்திருந்தது. ஊர் சூலூருக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே. பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்ப் பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகையைச் சந்தா கட்டி வாங்குகிறார்கள்.

மேனேஜரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் ஓரவஞ்சனை செய்தேன் என்று பேச்சு வரும். அவர் கெட்டவர் இல்லை. தன்னுடைய தாயார் ஞாபகமாகத் தன் நிலத்தில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டினார். எனக்கு மலேரியா வந்தபோது தினமும் பால் கொடுத்தனுப்பினார். வயதில் பாதியான என்னை ஒருநாளும் 'ங்க' போடாமல் கூப்பிட்டதில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

ஆனால் ஒரு கூத்து. பெரிய வீட்டுப் பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது கௌரவக் குறைச்சல் என்று அந்த ஊரில் நினைத்த காலம் அது. ஆக, பள்ளிக்கூடம் மேனேஜரின் தாயார் பெயரில், படிக்க வந்தது கூலிக்காரர்களின் பிள்ளைகள். பிள்ளைகள் இல்லாவிட்டால் சர்க்கார் உதவி கிடைக்காது. அதனால் ஊருக்குத் தெற்கே இருந்த வளவிலிருந்துகூட ஆறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தோல் வேலையும் பண்ணை வேலையும் செய்த, ஊர் தீண்டாத சனங்கள் குடியிருந்த இடம் வளவு. அந்த ஆறு பேரும் வராந்தாவில், கதவோரமாக உட்கார வேண்டும். அதை நானும் மாற்றவில்லை. மாற்றப் பார்த்தேன் என்று இப்போது பெருமைக்குக்கூட எழுத முடியாது.

தொரசாணி

மிஸ் ஆல்டன் இங்கிலாந்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை. நாற்பது வயது இருக்கும். ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு, இந்தியாவில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். கோயம்புத்தூரில் பத்து நாள் தங்கல். நான் டிரெயினிங் படித்த பள்ளியின் தலைமை அம்மாளுக்கு அவர் சிநேகிதி. கூடப் போய் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றதும் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு இங்கிலீஷ் வந்தது போத்தனூரில். அப்பா அங்கே ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. குவார்ட்டர்ஸில் எங்களைச் சுற்றி எல்லாம் சட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்லும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவர்கள் பிள்ளைகளோடு சண்டை போட்டே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். திட்டத் தெரிந்த அளவுக்கு எனக்கு அந்த பாஷையில் கொஞ்சத் தெரியாது.

மிஸ் ஆல்டனுக்கு எல்லாமே ஆச்சரியம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஏற்றத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார், களத்தில் காயும் மிளகாயைப் பார்த்து எழுதிக்கொள்வார். ஜட்கா வண்டிக்காரருக்கு ஒரு சவாரிக்கு ஐந்து தடவை நன்றி சொல்வார். ஒரு நாள் காங்கேயம் காளை ஒன்று வழியில் நின்றது. அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கிப் போனார். நான் பார்த்தேன், சத்தியம்.

காங்கேயம் போகிற வழியில் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கார அம்மாள் ஒரு பெரிய தம்ளரில் மோர் கொடுத்தார். கொடுத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது மிஸ் ஆல்டனுக்குச் சின்ன வயதிலிருந்து ஊட்டிய பழக்கம், குடித்து முடித்தார். விருந்தாளியின் தம்ளர் காலியாக இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம், அந்த அம்மாள் மறுபடி ஊற்றினார். இவர் குடித்தார். அவர் ஊற்றினார். நாலாவது தம்ளரில் மிஸ் ஆல்டனின் முகம் வெளுத்துவிட்டது. போதும் என்று இவர் சொல்லவில்லை, போதுமா என்று அவர் கேட்கவில்லை. நான் வண்டி ஏறும் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். பல்லடம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, வேலிக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டு வந்தார்.

"எவ்வளவு அன்பான மனிதர்கள்," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

அன்றைக்குச் சிரித்தேன். அப்போதே கோபப்பட்டிருக்க வேண்டும்.

சாயம் போகுமா?

அந்தப் பத்து நாளில் ஒரே ஒரு மனிதர்தான் அவரிடம் முகத்துக்கு நேராக உண்மை சொன்னார். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர். மிஸ் ஆல்டன் சிவப்பில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, சாயம் போகுமா என்று கேட்கச் சொன்னார்.

"போகும்மா," என்றார் அவர், கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே. "ரெண்டு தண்ணி கண்டா வெளுத்துடும். அது வேணாம், இந்த நீலத்தை எடுத்துக்கச் சொல்லு. பாக்க சுமாரா இருக்கும், ஆனா நிக்கும்."

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். மிஸ் ஆல்டன் திகைத்துப்போய், "கொஞ்சம் முரட்டு மனிதர், இல்லையா?" என்று என் காதில் கேட்டார். நீலத் துணியைத்தான் வாங்கினார் என்பது வேறு விஷயம்.

அந்த ராவுத்தரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேனேஜராகப் போட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இல்லை.

ஒரு இடம்

மிஸ் ஆல்டன் சும்மா பார்க்க மட்டும் வரவில்லை. அவருடைய பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து, இந்தியாவில் ஒரே ஒரு ஏழைப் பெண்ணை விடுதியில் வைத்துப் படிக்கவைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் படிப்பு, அதற்கப்புறம் டிரெயினிங். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மிஸ் ஆல்டனுக்கு.

இதைத் தலைமை அம்மாள் சொன்ன அன்றே நான் மிஸ் ஆல்டனுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலு பக்கமும் மாராத்தாளைப் பற்றி.

மாராத்தாளுக்குப் பதினோரு வயது. வளவுப் பிள்ளைகள் ஆறு பேரில் ஒருத்தி. அப்பா இல்லை. அம்மா ஜின்னிங் பேக்டரியில் பருத்தி பிரிக்கப் போவாள். வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவர்களுக்கு நான் போடும் கணக்கை அவர்களுக்கு முன்னால் முடித்துவிடுவாள். கடையில் உப்பு, புளி கட்டிக்கொடுக்கும் பொட்டலக் காகிதம் ஒன்று விடாமல் படிப்பாள். ஒரு தடவை ஏதோ பத்திரிகையின் கிழிந்த தாளைக் கொண்டுவந்து, "டீச்சர், இதுல கதை பாதியில நின்னுபோச்சுங்க. அந்தப் பொம்பளை கெணத்துல உழுந்தாளா இல்லீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். மறுநாள் அவளே மிச்சக் கதையை எழுதிக் கொண்டுவந்தாள். அதில் அந்தப் பொம்பளை விழவில்லை, புருஷனைத் தள்ளிவிட்டாள்.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. சித்திரை வந்தால் மாராத்தாளும் பேக்டரிக்குப் போக வேண்டியதுதான். அவள் அம்மாவிடம் போய்க் கேட்டேன். விடுதியில் இடம் கிடைத்தால் அனுப்புகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். அந்த ஒரு இடம் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் பருத்தித் தூசி. நடுவில் வேறு வழி கிடையாது.

மிஸ் ஆல்டன் என் நாலு பக்கத்தையும் படித்தார். "இந்தப் பெண்ணை நான் அவசியம் பார்க்க வேண்டும். அவளுடைய வகுப்பிலேயே, ஒரு சாதாரண நாளில்," என்றார்.

முந்தின நாள் மாலை மாராத்தாளுக்குப் பாவாடையைத் துவைத்துப் போடச் சொன்னேன். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி கற்றுக்கொடுத்தேன். "குட் மார்னிங், மேடம். மை நேம் இஸ் மாராத்தாள்." வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஒரு நாள்தானுங்களே"

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

"என் பிள்ளைகள் எங்கேங்க?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"பருத்திக் காட்டுக்கு அனுப்பிப்போட்டேனுங்க. ஒரு நாள்தானுங்களே. கூலி சேத்தியே குடுத்தரலாம்."

"அவர்களைப் பார்க்கத்தானே அந்த அம்மாள் வருகிறார்?"

"அதென்னுங்க அப்புடிச் சொல்றீங்க," என்றார், வருத்தத்தோடு. "ஏழு கடல் தாண்டி ஒரு பொம்பளை நம்மூருக்கு வருது. கிழிஞ்ச பாவாடையும் மூக்குச் சளியுமா காட்டினா, போயி என்ன சொல்லும்? இதெல்லாம் நம்ம சொந்தக்காரப் புள்ளைகதானுங்க. நாலூருல இருந்து வண்டி அனுப்பிக் கூட்டியாந்தேன். ராத்திரியெல்லாம் பொம்பளைக தூங்கலீங்க, பூக் கட்டறதுக்கே."

அவர் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கவே இல்லை. விருந்தாளி வந்தால் நல்ல பாத்திரத்தை எடுத்து வெளியே வைப்பதும், ஒடுங்கின சொம்பை உள்ளே ஒளிப்பதும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவர் பிள்ளைகளிடம் அதைச் செய்துவிட்டார். என் ஒடுங்கின சொம்புகள் இருபத்தி மூன்று பேரும் வெயிலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாராத்தாளை மட்டுமாவது கூப்பிடுங்கள். அவளைத்தான் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார்."

"அதுக்கென்னுங்க, பாக்கலாமுங்க," என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பதிலுக்கு மேல் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் பேசியவர்தான் மரியாதை தெரியாதவர். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் சொன்ன பொய்

பத்து மணிக்கு மேனேஜரின் பிளஷர் கார் வந்து நின்றது. நாதஸ்வரம் வேறு. மாலை, எலுமிச்சம்பழம், பன்னீர். மிஸ் ஆல்டன் எல்லாவற்றுக்கும் கை கூப்பி, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லி, வகுப்புக்குள் வந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும், "எவ்வளவு அழகு!" என்றார்.

ஒரு பிள்ளையைப் படிக்கச் சொன்னார். பாவம், அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தையே அன்றைக்குத்தான் பார்க்கிறது. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இன்னொன்று கும்மிப் பாட்டு பாடியது. என் பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையை இழுத்து, "அக்கா, எப்ப ஊட்டுக்குப் போலாம்? இந்த மாலை கழுத்தை அறுக்குது," என்றாள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

அப்புறம் மிஸ் ஆல்டன் கேட்டார். "இதில் மாராத்தாள் யார்?"

மேனேஜருக்கு அந்தப் பெயர் மட்டும் புரிந்தது. என்னைப் பார்த்தார்.

"என்ன கேக்குதுங்க?"

"மாராத்தாள் எங்கே என்று கேட்கிறார்."

"காச்சல்னு சொல்லிப்போடுங்க டீச்சரம்மா," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பதைப் போலச் சொன்னார்.

அந்த அறையில், அந்த ஊரில், இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான். நான் என்ன சொன்னாலும் மேனேஜருக்குத் தெரியப் போவதில்லை. "அவள் காட்டில் இருக்கிறாள், இந்தப் பிள்ளைகள் யாரும் என் மாணவிகள் இல்லை" என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கலாம்.

"அவளுக்குக் காய்ச்சல்," என்று இங்கிலீஷில் சொன்னேன்.

ஏன் சொன்னேன்? அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார், என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய். மேனேஜர் அதட்டியிருந்தால் நான் திருப்பி அதட்டியிருப்பேன், போத்தனூரில் வளர்ந்தவள். அவர் அவ்வளவு பணிவாகக் கேட்டார். அந்தக் குரலை எதிர்த்து நிற்க எனக்குத் துப்பில்லை. இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மிஸ் ஆல்டன் முகம் வாடியது. "ஐயோ பாவம். அப்படியானால் அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்," என்றார்.

அவர்கள் ஊரில் அப்படிச் செய்வார்களாம். இங்கே வளவுக்குள் பெரிய வீட்டுக் கார் போவதாவது. நான் மேனேஜரிடம் சொன்னேன்.

"தாராளமாப் போலாமுங்க," என்றார் உடனே. "மொதல்ல ஒரு வாய் சாப்புட்டுப்போட்டுப் போலாமுங்க."

அந்த ஒரு வாய் மூன்று மணி நேரம் நீண்டது. சந்தகை, ஒப்புட்டு, கச்சாயம், வடை, பாயசம், அப்புறம் சாதம், அதற்கு மேல் தயிர். மிஸ் ஆல்டன் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர்களும் இலையைக் காலியாக விடவில்லை. நடுவில் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "வெயில் தாளட்டுமுங்க" என்றார்கள். கொஞ்சம் தாழ்ந்ததும், "ரயிலுக்கு நேரமாச்சுங்களே" என்றார்கள். வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டுச் சேலையும் வைத்துக் கொடுத்தார்கள். போட்டோ பிடிக்க மிஸ் ஆல்டன் ஆசைப்பட்டார். பட்டுப் பாவாடைப் பிள்ளைகள் நடுவில் மேனேஜர் நின்றார். என்னையும் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள், நின்றேன்.

பருத்திக் காட்டு ஓரம்

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். போத்தனூரில் ரயில் ஏற்றிவிட நானும் காரில் கூடப் போனேன். மண் பாதை. இரண்டு பக்கமும் மேனேஜரின் பருத்திக் காடு.

கார் சத்தம் கேட்டுப் பருத்தி எடுப்பவர்கள் நிமிர்ந்தார்கள். அதில் என் பிள்ளைகள். தொரசாணி இன்றைக்கு வரவில்லை, நாளைக்குத்தான் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். காருக்குள் வெள்ளை முகத்தைப் பார்த்ததும் மாராத்தாள் ஓடி வந்தாள். மடி நிறையப் பருத்தி. அதைப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், வழியெல்லாம் சிந்திக்கொண்டே பாதை ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

"குட் மார்னிங், மேடம்!" என்று கத்தினாள். மத்தியானம் மூன்று மணிக்கு.

மிச்ச வரியைச் சொல்வதற்குள் கார் அவளைத் தாண்டிவிட்டது.

மிஸ் ஆல்டன் சிரித்துக்கொண்டே கையசைத்தார். "கூலி வேலை செய்யும் பெண்கூட இங்கிலீஷ் பேசுகிறாளே! என்ன ஒரு சிரிப்பு அவளுக்கு," என்றார்.

"அவள்தான் மாராத்தாள்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் புழுதிதான் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல் பொய், வகுப்பு பொய், அங்கே இருந்த ஒரு பிள்ளைக்கும் என் பெயர்கூடத் தெரியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். டிரைவர் மேனேஜரின் ஆள். பாஷை புரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சிங்காநல்லூர் வரும் வரைக்கும் மிஸ் ஆல்டன் மடியிலிருந்த பட்டுச் சேலையைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். அப்புறம் சொன்னார். "ஏதோ சரியில்லை என்று எனக்கும் தோன்றியது. அந்தக் குழந்தை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது."

"தெரிந்தும் ஏன் கேட்கவில்லை?"

"அவர்கள் அவ்வளவு அன்பாக இருந்தார்களே. இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வண்டியைத் திருப்பச் சொல்கிறேன். ஐந்து நிமிஷம் அவளோடு பேசுங்கள். அது போதும்," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்போது திரும்பினால் உங்கள் மேனேஜருக்கு எவ்வளவு அவமானம். நீங்கள் என்னிடம் சொல்லிவிட்டதும் தெரிந்துவிடும், உங்களுக்குக் கஷ்டம். நான் ஊருக்குப் போய் எழுதுகிறேன். நிச்சயம் எழுதுகிறேன்."

இரண்டு தேசத்து மரியாதை அன்றைக்கு ஒரே காரில் வந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்று இவர், இவர் மனம் நோகக் கூடாது என்று அவர், இரண்டு பேர் மனமும் நோகக் கூடாது என்று நான். காட்டில் நின்றவளின் மனதைப் பற்றி எங்கள் மூன்று பேருக்கும் கவலை இருக்கவில்லை. சத்தம் போட்டு வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். ரயிலைத் தவறவிட்டால் என்ன, மறுநாள் ரயில் இல்லையா? போத்தனூர் பிளாட்பாரத்தில் என்னைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை நன்றி சொன்னார். ஆறாவது தடவைக்கு முன்னால் ரயில் நகர்ந்துவிட்டது.

கடிதம்

எழுதினார். சொன்ன வாக்கு தவறாதவர். ஆடி மாதக் காற்றில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று மேனேஜருக்கு, போட்டோவோடு. அவர் அதைக் கண்ணாடி போட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டினார். என் பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து படித்தார்கள். "டீச்சர், இவியெல்லாம் ஆருங்க?" என்று கேட்டார்கள்.

இன்னொன்று எனக்கு. தேர்ந்தெடுப்பவர் நேரில் பார்த்துப் பேசிய பெண்ணுக்குத்தான் இடம் தர வேண்டும் என்பது அவர்கள் பள்ளியின் விதியாம். எங்களுக்கு அடுத்து அவர் போன ஊரில் ஒரு நல்ல பெண்ணைப் பார்த்தாராம், அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். விதியை மாற்றச் சொல்லிக் கேட்பது முறையாக இருக்காது என்று பட்டதாம். மாராத்தாளுக்காக அவர் பள்ளிப் பிள்ளைகள் பிரார்த்தனை செய்கிறார்களாம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அடுப்பில் போட்டேன்.

அதற்குள் மாராத்தாள் பேக்டரிக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போனேன். வேப்பமரத்தடியில் அம்மாவும் மகளும் உட்கார்ந்து தூக்குப்போசியில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாராத்தாளின் இமையெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

"போச்சாதுங்க டீச்சரம்மா," என்றாள் அம்மா, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில். "எங்களுக்காவ நீங்க எவ்வளவு செரமப்பட்டீங்க. இந்த வெயில்ல நடந்து வந்திருக்கறீங்க. மோரு கொண்டாரச் சொல்லட்டுமுங்களா, மேஸ்திரி ஊட்டுல இருந்து?"

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மாராத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அன்னிக்கு அந்தத் தொரசாணி என்னையக் கேட்டாங்களா?"

"கேட்டார்கள்."

"நான் ஏன் வரலைன்னு சொன்னாங்களாமுங்க?"

"காய்ச்சல் என்று."

"ஆருங்க அப்புடிச் சொன்னது?"

"மேனேஜர் சொல்லச் சொன்னார்."

அவள் சோற்றுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். வராந்தாவில் உட்கார்ந்து மனக்கணக்குப் போடும்போது புருவத்தைச் சுருக்குவாளே, அந்த முகம்.

"தொரசாணிக்குத் தமிழ் தெரியாதுங்க. மேனேஜருக்கு இங்கிலீசு தெரியாதுங்க," என்றாள். "ரண்டும் தெரிஞ்சது அங்க நீங்க ஒருத்தருதானுங்களே டீச்சர்."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பேக்டரிச் சங்கு ஊதியது.

"வாரேனுங்க டீச்சர்," என்று கை கூப்பிவிட்டு மாராத்தாள் உள்ளே போனாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.